குவைத் பிள்ளைகளின் ரேவன் மதிப்பெண்ணை பிரிட்டன் அட்டவணையில் வைத்துப் பார்க்கலாமா?

2024 மார்ச் 3, காலை 9.40 | கேள்வி

வளைகுடாவில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். ஐந்தாவது முதல் எட்டாவது வரை, பெரும்பாலும் குவைத், எகிப்து, சிரியா பிள்ளைகள். படிப்பில் பின்தங்குபவர்களைக் கண்டுபிடிக்க ரேவன் தேர்வு (உருவக் கட்டங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் அறிவுத்தேர்வு) வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருப்பது 1979 பிரிட்டன் நார்ம் அட்டவணை, அதாவது பிள்ளையின் மதிப்பெண்ணை அந்நாட்டு அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் அட்டவணை. அரபு நாடுகளின் சராசரி ஐக்யூ 80-களில் என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறதே, அதைப் பார்த்து எல்லாருக்கும் பத்துப் பதினைந்து புள்ளி கூட்டிக்கொள்ளலாமா?

மார்ச் 3, இரவு 8.15 | பதில்

கூடாது. அந்தப் பட்டியல் ரிச்சர்ட் லின் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தொகுத்தது. எந்த நாட்டில் யார் எப்போது நடத்திய தேர்வு கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு, பிரிட்டன் சராசரியை 100 என்று வைத்து, இடைப்பட்ட காலத்துக்குப் பத்தாண்டுக்கு இத்தனை புள்ளி என்று கூட்டியோ கழித்தோ, கடைசியில் ஓர் எண். சில நாடுகளுக்கு ஆதாரம் ஒரே ஓர் ஆய்வு. பல நாடுகளுக்கு ஆய்வே கிடையாது, பக்கத்து நாடுகளின் எண்ணை வைத்து மதிப்பிட்டதுதான். 2010-இல் விச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு ஆப்பிரிக்கத் தரவுகளை மறுபடி அலசியபோது, எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே சராசரி கணிசமாக நகர்ந்தது. இந்தத் தரவைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020-இல் ஐரோப்பிய மனித நடத்தை, பரிணாமச் சங்கம் அறிக்கையே விட்டது. இப்படிப்பட்ட எண்ணை ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தாளில் கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ எந்த நியாயமும் இல்லை.

குவைத்துக்கு உள்ளூர்த் தரவு இருக்கிறது. எகிப்தியரான அகமது அப்துல் காலிக், குவைத் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 8 முதல் 15 வயது வரை 6,529 குவைத் மாணவர்களிடம் ரேவனின் 60 கேள்வித் தாளை வைத்து வயதுவாரியாகத் தரப்படுத்தினார். 2005, 2006-இல் வெளிவந்த கட்டுரைகள். முதலில் அதைத் தேடி எடுங்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது குவைத் குடிமக்களின் பிள்ளைகளை வைத்துச் செய்தது. குவைத்தில் வசிப்பவர்களில் பெரும்பான்மை வெளிநாட்டவர். உங்கள் வகுப்பில் இருக்கும் சிரியாப் பிள்ளைக்கு அந்த அட்டவணை தானாகப் பொருந்திவிடாது.

மார்ச் 3, இரவு 8.50

அதே ஆய்வில் பலரும் வாசிக்காமல் தாண்டிவிடும் இடம் நம்பகத்தன்மை. ஒரே நேரத் தேர்வுக்குள் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் ஆல்ஃபா 0.88 முதல் 0.93 வரை, அருமையான எண். ஆனால் இடைவெளி விட்டு மறுபடி வைத்தபோது இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு (1 என்றால் முழு ஒற்றுமை) 0.69 முதல் 0.85 வரைதான். இதைப் புள்ளியாக மாற்றிப் பாருங்கள். மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 15 என்றால் 0.85-க்கு அளவீட்டுப் பிழை 5.8, அதாவது 95 சதவீத எல்லை இருபக்கமும் சுமார் 11 புள்ளி. 0.69-க்குப் பிழை 8.4, எல்லை 16 புள்ளி. தாளில் 84 வாங்கிய பிள்ளை 100-ஐத் தொடக்கூடியவள். 'எல்லைக்கோட்டு நிலை' என்று ஃபைலில் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

மார்ச் 4, மாலை 5.30

நார்ம் பிரச்சினைக்குப் போகும் முன்பே, விடைத்தாளில் மதிப்பெண் கெடும் இடங்கள் உண்டு. இருமொழிப் பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேவன் தரத்தாள் (மேலே சொன்ன 60 கேள்வித் தாள்) ஏ முதல் ஈ வரை ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12 கேள்வி. முதல் இரண்டு தொகுதிக்கு ஆறு விடைகள், அடுத்த மூன்றுக்கு எட்டு. விடைத்தாளில் தொகுதிக்கு ஒன்றாக ஐந்து நெடுவரிசை. ஆங்கில விடைத்தாளில் ஏ இடது ஓரத்தில் தொடங்கும். அரபு விடைத்தாளில் முதல் எழுத்தான அலிஃப் வலது ஓரத்தில். அரபியில் விளக்கம் கொடுத்து, கையில் ஆங்கில விடைத்தாளைத் தந்தால், சில பிள்ளைகள் வலது ஓர நெடுவரிசையிலிருந்து எழுத ஆரம்பிப்பார்கள். ஏ விடைகள் ஈ-யில் விழும், பி விடைகள் டி-யில். நடுவில் இருக்கும் சி மட்டும் சரியான இடத்திலேயே இருக்கும்.

அடையாளம் இதுதான்: சி தொகுதியில் ஏழு, எட்டு சரி, மற்ற நான்கிலும் ஒன்று, இரண்டு. இப்படி ஒரு தாளைப் பார்த்தால் பிள்ளையை மறுபடி உட்கார வைக்கத் தேவையில்லை, நெடுவரிசைகளை இடம் மாற்றித் திருத்தினால் போதும். முழுக்க ஊகித்து எழுதினால் எதிர்பார்க்கக்கூடியது 24-ஐ 6-ஆலும் 36-ஐ 8-ஆலும் வகுத்து, 4 + 4.5 = 8.5. பத்துக்குக் கீழே வரும் எந்த மொத்தத்தையும் 'குறைந்த அறிவு' என்று படிக்காமல் 'தாளில் ஏதோ கோளாறு' என்று முதலில் படியுங்கள்.

ரேவன் கையேட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு மொத்த மதிப்பெண்ணுக்கும் ஐந்து தொகுதிகளிலும் எத்தனை எத்தனை வர வேண்டும் என்ற பட்டியல். ஏதாவது தொகுதி அதிலிருந்து 2-க்கு மேல் விலகினால் அந்த மொத்தத்தைச் சந்தேகப்பட வேண்டும். மொத்தத்தை மட்டும் கூட்டிவிட்டு இந்தப் பட்டியலைத் திறக்காமல் போகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது இலக்கம். வளைகுடா, எகிப்து, சிரியாப் பிள்ளைகள் கிழக்கு அரபு இலக்கத்தில் எழுதலாம். அதில் 6 நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும். 5 ஒரு வட்டம், நாம் சுழியம் என்று வாசித்துவிடுவோம். 2-உம் 3-உம் கையெழுத்தில் இன்னும் மோசம்: பலர் விரைவாக எழுதும் 3, அச்சில் இருக்கும் 2 போலவே இருக்கும். திருத்துபவர் அரபு கையெழுத்துக்குப் பழகியவராக இருக்க வேண்டும், இல்லையேல் பிள்ளைகளை வட்டமிடச் சொல்லும் தாளாகக் கொடுங்கள். மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியாப் பிள்ளைகள் நாம் எழுதும் இலக்கத்தையே எழுதுவார்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 5, காலை 7.10 | இன்னொரு வாசகரின் கேள்வி

ரேவன் தேர்வில் மொழியே இல்லை, வெறும் உருவங்கள். பண்பாட்டுச் சார்பற்றது என்றுதானே பி.எட். பாடத்தில் படித்தோம்? அப்படியானால் எந்த நாட்டு அட்டவணையாக இருந்தால் என்ன?

மார்ச் 5, இரவு 9.20

சொல் இல்லை என்பதால் பழக்கம் இல்லை என்று ஆகிவிடாது. இதற்கு மிகத் தெளிவான சான்று அரபு நாட்டிலிருந்தே வந்தது, ரேவனில் அல்ல, மனித உருவம் வரையும் தேர்வில்.

ஃபுளோரன்ஸ் குட்இனஃப் 1926-இல் உருவாக்கிய தேர்வு அது. ஒரு தாள், ஒரு பென்சில், 'ஓர் ஆளை வரை', அவ்வளவுதான். 51 அம்சங்களுக்குப் புள்ளி. 1963-இல் ஹாரிஸ் திருத்தியபோது ஆண் உருவத்துக்கு 73, பெண் உருவத்துக்கு 71. பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேய்ன் டென்னிஸ் பல நாட்டுக் குழந்தைகளின் வரைபடங்களை ஒப்பிட்டு 1966-இல் வெளியிட்டார். குழுச் சராசரிகள் 125 முதல் 52 வரை போயின. அடியில் இருந்தவர்கள் சிரியாவின் நாடோடி பதூயின் குழந்தைகள். படங்களே அதிகம் புழங்காத சூழல் அவர்களுடையது. மேலே இருந்த கூட்டத்தில் அமெரிக்கப் புறநகர்க் குழந்தைகளோடு அங்குள்ள ஹோப்பிப் பழங்குடிக் குழந்தைகளும் உண்டு. ஹோப்பிகள் வீட்டில் சித்திரமும் உருவமும் தினசரி விஷயம். 52 என்பது பாலைவனத்தில் மந்தையை மேய்த்து வழி கண்டு திரும்பும் குழந்தையின் அறிவு அல்ல, அவள் கையில் இதுவரை பென்சில் எத்தனை முறை இருந்தது என்பதன் அளவு.

வளைகுடாவில் இந்தத் தேர்வுக்கு இன்னொரு சிக்கல். பிள்ளை பார்க்கும் ஆள் தரை தொடும் நீள அங்கியும் தலைத்துணியும் அணிந்தவர். அப்படியே வரைந்தால் காது இல்லை, முடி இல்லை, கழுத்து பாதி மறைந்தது, கால் இரண்டும் அங்கிக்குள், முழங்கால் மடிப்பு வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி போகும். கண்ணால் கண்டதைச் சரியாக வரைந்ததற்குத் தண்டனை. உயிருள்ள உருவம் வரைவதை விரும்பாத வீடுகளும் இருக்கின்றன. இதை ஐக்யூ என்று எண்ணாக எழுதுவதை நிறுத்தினால் நல்லது. குழந்தையோடு பேச்சைத் தொடங்க வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5, இரவு 9.45

ரேவனில் வலமிருந்து இடமாக வாசிக்கும் பழக்கம் தொல்லை தராதா என்று கேட்கலாம். விடுபட்ட கட்டம் வலது கீழ் மூலையில்தான். ஆனால் வரிசையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் விடை ஒன்றுதான். உண்மையான தொல்லை வெக்ஸ்லர் என்ற இன்னோர் அறிவுத்தேர்வின் பழைய பதிப்புகளில் இருந்த பட வரிசைப்படுத்தலில். கதைப் படங்களைக் குழந்தை வலமிருந்து இடமாக அடுக்கினால் அது முழுச் சரி. திருத்தும் சாவி இடமிருந்து வலம் என்பதால் சுழியம். 2003-இல் வந்த நான்காம் பதிப்பில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. பழைய பெட்டிகளை இன்னும் பயன்படுத்துபவர்கள் குழந்தை எந்தப் பக்கமிருந்து தொடங்கினான் என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

மார்ச் 7, மாலை 6.05

நார்ம் எந்த ஆண்டு என்பதற்கு வருகிறேன். பழைய அட்டவணையால் பிள்ளைக்கு வரும் தீங்கு மதிப்பெண் குறைவது அல்ல, கூடுவது.

சவுதியில் ஃபுவாத் அபூ ஹத்தப் குழு 1977-இல் மேற்குப் பகுதி மாணவர்களிடம் ரேவனைத் தரப்படுத்தியது. அதே தாளை 2010-இல் மறுபடி வைத்து ஒப்பிட்ட பத்தர்ஜி, கலீஃபா முதலானோர் 2013-இல் எழுதியது: 33 ஆண்டில் சுமார் 11.7 புள்ளி உயர்வு, பத்தாண்டுக்கு 3.55. சூடானில் வெக்ஸ்லர் பெரியோர் தேர்வில் 1987 முதல் 2007 வரை பத்தாண்டுக்குச் சுமார் 2 புள்ளி. மேற்கில் ஃபிளின் என்ற ஆய்வாளர் கண்ட அதே ஏற்றம். மரபணு ஒரு தலைமுறையில் இப்படி ஏறாது. பள்ளி, ஊட்டம், சிறு குடும்பம், அச்சும் திரையும் நிறைந்த வாழ்க்கை இவைதான் ஏறியவை.

இப்போது ஒரு பிள்ளையைப் பாருங்கள். புதிய அட்டவணையில் அவன் 85. அதாவது நூறு பேரில் கீழிருந்து பதினாறாவது இடம், சிறப்பு உதவிக்குத் தகுதியாகலாம். அதே தாளை 1977 அட்டவணையில் திருத்தினால் 97. நூறில் கீழிருந்து நாற்பத்திரண்டாவது இடம். 'சாதாரணம், சோம்பேறித்தனம்தான் காரணம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உதவி கிடைக்க வேண்டிய பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

முகப்பில் நாடு, ஆண்டு, வயது வரம்பு மூன்றும் அச்சிடாத அட்டவணையைக் கையிலெடுக்காதீர்கள். ஒளிநகலாகவே புழங்கும் அரபுத் தாள்களில் இந்த மூன்றில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும். எகிப்தியர் அகமது ஜக்கி சாலிஹின் படத் தேர்வு (60 வரிசை, வரிசைக்கு ஐந்து படம், பொருந்தாததைக் குறி, 10 நிமிடம்) இன்னும் பல பல்கலைக்கழக ஆய்வேடுகளில் வருகிறது. தாள் சுலபம், நேரம் குறைவு. ஆனால் எந்தக் காலத்து நார்மை வைத்து ஐக்யூவாக மாற்றினார்கள் என்பதை ஆய்வேட்டில் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால் மூல மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8, காலை 11.00

எண் நினைவுத் தேர்வு பற்றிக் கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். வினாடிக்கு ஓர் எண் வீதம் சொல்வோம், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு முயற்சி, இரண்டும் தவறினால் நிறுத்தம். பார்த்தால் எந்த மொழியிலும் ஒன்றுபோலத் தெரியும். நாவே பெஞ்சமின், அய்ரஸ் இருவரும் 1986-இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நான்கு மொழிகளில் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாகத் திருப்பிச் சொல்ல முடிந்த எண்கள்: ஆங்கிலம் 7.21, ஹீப்ரு 6.51, ஸ்பானியம் 6.37, அரபு 5.77. காரணம் எண்ணுப் பெயர்களின் நீளம். அரபியில் சராசரியாக ஓர் எண்ணுக்கு இரண்டு அசைக்கு மேல். மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தக்கவைக்கும்போது நீளமான பெயர்கள் அதிக நேரத்தை விழுங்கும். வாசிக்கும் வேகம் குறையக் குறைய நினைவு நீளமும் குறைந்தது.

ஒன்றரை எண் வித்தியாசம் என்பது அமெரிக்க அட்டவணையில் கணிசமான சரிவு. தமிழிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசைப் பெயர் ஒன்றுகூட இல்லை, ஆகவே நம் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நடைமுறையில்: பேச்சு அரபியிலா, ஏட்டு அரபியிலா என்பதை முன்பே முடிவு செய்து, எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றையே வையுங்கள். பேச்சு வழக்கில் எண்ணுப் பெயர்கள் சுருங்கும், கடைசி விகுதி உதிரும். ஒருவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இன்னொன்று என்றால் ஒப்பிடவே முடியாது.

மார்ச் 8, காலை 11.35

இரட்டை வழக்கு சொல்வளப் பகுதியில் இதைவிடக் கடுமை. வீட்டில் பேசும் அரபியும் பாடப்புத்தக அரபியும் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏட்டுச் சொல் பல பள்ளியில்தான் முதலில் காதில் விழும். தேர்வை ஏட்டு அரபியில் கேட்டால் அளப்பது பாதி பள்ளிப் பாடம்.

மொழிபெயர்த்த தேர்வில் யாரும் பார்க்காத ஓட்டை ஒன்று: கேள்விகள் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி மூல மொழியில் அடுக்கப்பட்டவை. மூன்று தொடர்ந்து தவறினால் நிறுத்து என்ற விதி அந்த அடுக்கை நம்பித்தான் இருக்கிறது. அரபியில் ஆறாவது சொல் கடினமாகவும் பன்னிரண்டாவது சொல் தெருவில் புழங்குவதாகவும் இருக்கலாம். பிள்ளை ஒன்பதில் நின்றுவிடுவாள், தனக்குத் தெரிந்த பன்னிரண்டைச் சொல்ல வாய்ப்பே வராது. சரியான வழி: நிறுத்த விதி இல்லாமல் ஒரு முன்சோதனைக் குழுவிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டு, எத்தனை சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள் என்று கணக்கிட்டு, அந்த வரிசையில் மறுபடி அடுக்குவது. பின்மொழிபெயர்ப்பு (மறுபடி மூல மொழிக்கே மாற்றி ஒப்பிடுவது) செய்து பார்த்தோம் என்று எழுதினால் மட்டும் இந்த ஓட்டை அடைபடாது.

மார்ச் 11, காலை 6.50

இன்று சவுதியிலும் குவைத்திலும் ரமலான் நோன்பு தொடக்கம். இந்த மாதத்தில் தேர்வைத் தள்ளிவையுங்கள். பள்ளி நேரம் சுருங்கும், பிள்ளைகள் சஹருக்கு (விடியலுக்கு முன் உண்ணும் உணவுக்கு) எழுந்து குறைத் தூக்கத்தோடு வருவார்கள். நோன்பு அறிவைக் குறைக்கிறது என்று நான் சொல்லவில்லை. நார்ம் எடுத்த நாட்களும் உங்கள் தேர்வு நாளும் ஒன்றுபோல இல்லை என்பதே போதுமான காரணம். கட்டாயமாக வைத்தே ஆக வேண்டுமென்றால் முதல் பாடவேளையில்.

மார்ச் 12, இரவு 10.00 | மூலக் கேள்வியாளர்

தள்ளிவைத்துவிட்டேன். அதற்குள் நடத்தைக்கான எஸ்.டி.கியூ. படிவத்தை (பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாப் படிவம்) பெற்றோரிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அரபுப் பதிப்பு இருக்கிறது. அதிலும் இதே தொல்லையா?

மார்ச் 13, இரவு 9.10

கொஞ்சம். 25 கேள்வி, ஐந்து பிரிவு, 0-1-2 மதிப்பெண். நான்கு சிரமப் பிரிவுகளின் கூட்டுத்தொகைதான் மொத்தம், 0 முதல் 40. பிறருக்கு உதவும் குணம் என்ற ஐந்தாவது பிரிவை அதில் கூட்டக் கூடாது. 7, 11, 14, 21, 25 ஐந்தும் நேர்மறைக் கேள்விகள், மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். எக்ஸெல்லில் இதை மறந்தால், குறை ஏதும் இல்லாத பிள்ளைக்கும் மொத்தத்தில் 10 வந்து உட்காரும்.

பிரிட்டனில் பெற்றோர் படிவத்துக்கு 17-உம் அதற்கு மேலும், ஆசிரியர் படிவத்துக்கு 16-உம் அதற்கு மேலும் 'கவலைக்குரியது'. இந்த எல்லையை அப்படியே எடுக்காதீர்கள். காஸாவில் தாபித்தும் சகாக்களும் 2000-இல் அரபுப் பதிப்பை வைத்துப் பார்த்தபோது கேள்விகள் பிரிட்டனில் சேர்ந்ததுபோலவே அதே பிரிவுகளில் சேரவில்லை. யேமனில் அல்யஹ்ரியும் குட்மனும் 2006-இல் சோதித்து, மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் படிவம் பிரித்துக் காட்டுகிறது என்று நிறுவினார்கள். படிவம் பயன்படும், எல்லைக்கோட்டை உள்ளூரில் போட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

23-ஆம் கேள்வியை மட்டும் தனியாகப் பாருங்கள்: மற்ற பிள்ளைகளோடு பழகுவதைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுகிறான். படிவத்தில் இது சிரமப் புள்ளி. விருந்தினர் கூடத்தில் பெரியவர்களுக்குக் காபி ஊற்றிக்கொடுத்து அமைதியாக உட்காரும் பையனின் தந்தை இதைப் பெருமையாக 'ஆம்' என்று குறிப்பார்.

கண்டிப்பான வீடு என்று தெரிந்ததுமே ஆபத்துக் கணக்கு போடவும் வேண்டாம். மர்வான் துவைரி குழு எட்டு அரபுச் சமூகங்களில் 2,893 வளரிளம் பருவத்தினரிடம் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வுகளும், துவைரியின் பின்வந்த ஆய்வுகளும் சொல்வது: கண்டிப்பைவிட, ஒரு நாள் அடி, மறுநாள் அதே தப்புக்குச் சிரிப்பு என்ற நிலையின்மைதான் பிள்ளைகளின் உளச்சிக்கலோடு நெருங்கி வருகிறது. பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மார்ச் 15, மாலை 4.40

மேலே டென்னிஸைக் குறிப்பிட்டபோது அவருடைய முக்கியமான வேலையைச் சொல்லாமல் விட்டேன். பெய்ரூட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஓர் இல்லம். ஏறக்குறைய பத்துக் குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர், பேச்சும் விளையாட்டும் மிகக் குறைவு. குழந்தைகளின் வளர்ச்சி எண் (ஐக்யூ போல, 100 சராசரி) 50-க்குப் பக்கத்தில். ஆறு வயதில் பெண்கள் அதே மாதிரி வறண்ட இன்னொரு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள், பதின்பருவத்திலும் 50-க்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பையன்கள் போன இல்லத்தில் வெளியுலகப் பழக்கமும் படிப்பும் இருந்தன, அவர்கள் சராசரி 80-ஐ ஒட்டி வந்தது. 1956-க்குப் பிறகு தத்தெடுப்பு சாத்தியமானதும், இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்த குழந்தைகள் 100-ஐ ஒட்டி வந்துவிட்டார்கள். பிந்திப் போனவர்கள் முன்னேறினார்கள், ஆனால் இழந்தது முழுதும் திரும்பவில்லை. 1973-இல் இதைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

ஒரே ஊர், ஒரே தொட்டில் அறை, மூன்று விதி. அரபு நாடுகளின் சராசரி எண்ணைக் காட்டி வாதாடுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

மார்ச் 15, மாலை 5.20

ஆண், பெண் வேறுபாடு பற்றியும் ஒரு வரி. குவைத் தரவில் ரேவனில் இருபாலருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பள்ளி மதிப்பெண்ணில் பெண்கள் முந்தினார்கள். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் டிம்ஸ் கணித, அறிவியல் தேர்வில் வளைகுடா நாடுகளின் முடிவுகளிலும் பெரும்பாலும் பெண்கள் முன்னே. அறிவு சமமாக இருந்தும் மதிப்பெண் பிரிகிறதென்றால், வருகை, வீட்டுப்பாடம், வகுப்பில் இருக்கும் ஒழுங்கு, ஆண் பள்ளிகளின் கற்பித்தல் தரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பையன்களுக்கு ஐக்யூ தாள் வைத்துக்கொண்டே இருந்தால் இந்தக் காரணங்கள் கண்ணில் படாது.

மார்ச் 17, இரவு 8.30

நோன்புக்குப் பிறகு வைக்கும்போது செய்யவேண்டியவை, கேட்டதால் எழுதுகிறேன். அரபு விடைத்தாள், அரபி பேசும் ஒருவர், ஆண்கள் பிரிவுக்கு ஆண், பெண்கள் பிரிவுக்குப் பெண். முதல் கேள்வியைச் சேர்ந்து செய்துகாட்டி, ஒவ்வொரு மேசையாகப் போய் சரியான நெடுவரிசையில் எழுதினார்களா என்று பாருங்கள். நேர வரம்பு வேண்டாம். 40, 45 நிமிடத்தில் பெரும்பாலோர் முடிப்பார்கள். எட்டு, ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 36 கேள்வி வண்ணத் தாள்.

குவைத் பிள்ளைகளை குவைத் நார்ம் அட்டவணையில் பாருங்கள். மற்றவர்களை ஐக்யூவாக மாற்றாமல், உங்கள் பள்ளியின் அதே வயதுப் பிள்ளைகளுக்குள் இடம் பாருங்கள்: அவனுக்குக் கீழே இருப்பவர்கள், அதோடு அவனுக்குச் சமமாக இருப்பவர்களில் பாதி, இதை மொத்தப் பேரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வயதுக்கு நூறு பேராவது இல்லையென்றால் கீழ்க் கால் பங்கு, நடு, மேல் கால் பங்கு என்று மூன்றாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் துல்லியம் அந்த எண்ணிக்கையில் கிடைக்காது.

கீழ்க் காலில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் பார்வை, காது, அரபு வாசிப்பு வேகம், பள்ளி மாறிய வரலாறு நான்கையும் பார்த்த பிறகே அறிக்கை. சிரியாப் பிள்ளைகளில் இரண்டு மூன்று வருடம் பள்ளியே இல்லாமல் போனவர்கள் இருக்கலாம். அதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், மதிப்பெண்ணுக்கு முன்னால்.